ஓர் இணுக்குக் கறிவேப்பிலை

கத்தரிக்காய்க்கு விலை உண்டு. வெண்டைக்காய்க்கு விலை உண்டு. நசுங்கின தக்காளிக்குக்கூடச் சாயங்கால வேளையில் ஒரு விலை உண்டு. ஆனால் கறிவேப்பிலைக்கு விலை கேட்பது நம் பக்கத்தில் மரியாதை அல்ல. காயை நிறுத்து, பையில் போட்டு, பணத்தை வாங்கிச் சில்லறையும் கொடுத்து முடிந்த பிறகு, "கொஞ்சம் கறிவேப்பிலை கொத்துமல்லி போடுங்க" என்று நாம் சொல்ல வேண்டும். கடைக்காரரும் ஏதோ மறந்து போனவர் மாதிரி, "அட, ஆமா!" என்று ஒரு கொத்தை ஒடித்துப் பையின் மேல் செருக வேண்டும். கொசுறு என்று இதற்குப் பெயர். வியாபாரத்துக்கு நடுவே வியாபாரம் அல்லாத ஒரு சங்கதி.

இந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மும்பையில் ஒரு வேடிக்கை நடந்தது. மளிகைச் சாமானைச் சில நிமிஷங்களில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் பிளிங்கிட் நிறுவனத்தில், கொத்துமல்லிக்குத் தனியாகக் காசு வாங்கினதைப் பார்த்து ஓர் அம்மாளுக்கு நெஞ்சே அடைத்துப் போய்விட்டது. காய் வாங்குகிறவர்களுக்குக் கொத்துமல்லியைச் சும்மா கொடுப்பதல்லவா முறை என்று அவர் கேட்டதைப் பிள்ளையாண்டான் உலகம் பார்க்க எழுதிவிட்டான். நிறுவனத்தின் தலைவரே அதற்குப் பதில் சொன்னார். காய்கறி வாங்கினால் ஓர் அளவு கொத்துமல்லி இலவசம் என்ற ஏற்பாடும் வந்தது. கம்ப்யூட்டரும் கணக்கும் வைத்துக்கொண்டு நடக்கிற வியாபாரம், ஒரு தாயாரின் கொசுறுக்குத் தலை வணங்கிற்று! அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஆனாலும் கறிவேப்பிலைக்கு நம் மொழியில் நல்ல பெயர் இல்லை. காரியம் முடிந்ததும் கைவிடப்பட்ட மனிதர்கள் எல்லோரும், "என்னைக் கறிவேப்பிலை மாதிரித் தூக்கி எறிந்துவிட்டார்கள்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வசனத்தை உண்டாக்கினவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவராகத்தான் இருக்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் நின்றவர்களிடம் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, அடுத்த விநாடி கைக்கு எட்டும் தூரத்தில் கறிவேப்பிலை இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கல்லவா தெரியும்?

இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் ஓரத்திலும் சமையல் மேடையிலும் சின்னச் சின்னத் தொட்டிகளில் புதினா, கொத்துமல்லி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை என்று வளர்ப்பது ஒரு மோஸ்தராக இருக்கிறது. மோஸ்தர் என்றாலும் நல்ல மோஸ்தர்தான். ஏன் வளர்க்கிறீர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டு காரணம் சொல்வார்கள்.

முதல் காரணம், சிக்கனம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டி, மண், எரு, விதை, பூவாளி எல்லாம் வாங்கி, கொத்துமல்லி முளைப்பதற்காகக் காத்திருந்து, கடைசியில் ஒரு சட்னிக்குப் போதும் போதாதென்று இலை பறிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்னியைப் போல விலை உயர்ந்த சட்னி எந்த ஓட்டலிலும் கிடைக்காது. சிக்கனத்துக்காகத் தொட்டி வைப்பவர் சீக்கிரத்திலேயே தொட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்.

இரண்டாவது காரணம், மருந்து. இதில் நியாயம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்தில் இது பெரிய சர்ச்சையாகக் கிளம்பிற்று. சந்தைக் காய்கறிகளைக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் பரிசோதித்தபோது, பூச்சிமருந்து மிச்சம் இருந்த சரக்குகளில் கறிவேப்பிலை, புதினா, கொத்துமல்லி ஆகிய மூன்றும் இருந்தன. காயானால் தோலைச் சீவலாம். இலைக்குத் தோல் ஏது? மேலே தெளித்தது மேலேயே இருக்க, அப்படியே உள்ளே போகிறது. ஆகவே வீட்டில் வளர்த்த இலை நிம்மதியான இலை என்பதில் சந்தேகமில்லை.

இந்த இரண்டும் போக மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் திருநாவலூரில் இருக்கும் என் அத்தை.

சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில், விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்ப்பேட்டை வருவதற்கு முன்னால், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது திருநாவலூர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். பக்தஜனேசுவரர் கோயில், அதற்கு நாவல் மரம் தல விருட்சம். ஆடி மாதத்துச் சுவாதியில் சுந்தரருக்குக் குருபூஜை. நான் பிறந்தபோது அந்த ஊர் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. "நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவேயில்லை, மூணு ஜில்லா பார்த்துட்டேன்" என்று அத்தை வேடிக்கையாகச் சொல்வாள்.

அத்தை வாழ்க்கைப்பட்டது பழைய காலத்து வீட்டில். திண்ணை, ரேழி, நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், பின்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். கொல்லையில் கிணற்றடித் தண்ணீர் பாய்கிற இடத்தில் ஒரு கறிவேப்பிலை மரம். செடி அல்ல, மரம். தெருவில் பாதிப் பேருக்கு அந்த மரத்திலிருந்துதான் தாளிப்பு. யாராவது ஒரு பெண் குழந்தை, "பெரியம்மா, அம்மா ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று வந்து நிற்காத காலை வேளை கிடையாது.

மாமா காலமான பிறகு, 2009இல் அந்த வீட்டில் பாகம் பிரித்தார்கள். முன் பாதி அத்தைக்கு. பின் பாதி மாமாவின் தம்பிக்கு. பாகப் பத்திரத்தில் சதுர அடிக் கணக்கு இருந்தது; கிணற்றுக்கும் கணக்கு இருந்தது; கறிவேப்பிலை மரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அது கொல்லையோடு போயிற்று. கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிற்று. அதற்கு முன்பும் பின்பும் நடந்த பேச்சுக்களை இங்கே எழுத வேண்டியதில்லை. பாகம் பிரிந்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் அதே பேச்சுத்தான்.

சில மாதங்கள் கழித்து நான் போயிருந்தபோது அத்தை தாழ்வாரத்து மூலையில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். ரசம் பரிமாறினாள். கடுகு இருந்தது, மிளகு இருந்தது, பெருங்காயம் இருந்தது. ஆனால் அது அத்தையின் ரசமாக இல்லை.

"கறிவேப்பிலை போடலையா, அத்தை?"

"இல்லை."

"சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுத்தால் ஆச்சே?"

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "காசு கேட்டா அது கடன்டா. கறிவேப்பிலை கேட்டா அது உறவு. உறவே வேண்டாம்னு சுவர் வச்சப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"கடையில் வாங்கிக்கொள்ளலாமே?"

"அதுக்கு இன்னும் மனசு வரலை. இந்த வீட்டிலேருந்து ஊருக்கே குடுத்துட்டு, இப்ப நான் காசு குடுத்து வாங்கணுமா?"

எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் குறைந்தது இலை அல்ல என்று விளங்கிவிட்டது. அத்தையின் பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார்கள். அவளிடம் கேட்டு வர ஒருத்தரும் இல்லை. அவள் கேட்கப் போகவும் ஓர் இடம் இல்லை.

அதன் பிறகு அத்தை செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். தெரிந்த பூக்காரி ஒருத்தியின் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பின கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து வாங்கி வந்தாள். அடி ஓட்டையான பழைய மண்பானையில் நட்டாள். கூடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். ஒரு மாதத்தில் இலை வெளுத்து, தண்டு நீண்டு மெலிந்து, உதிர்ந்து போயிற்று. இரண்டாவது கன்றும் அப்படியே.

வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கண்ணை நம்பக் கூடாது. மனிதக் கண் ரொம்பத் தாராளமானது. கொஞ்சம் வெளிச்சத்தை நிறைய வெளிச்சமாகக் காட்டிவிடும். வெட்ட வெளியில் உச்சி வெயிலை அளந்தால் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். அதே நேரத்தில் நாம் உட்கார்ந்து சௌகரியமாகப் பத்திரிகை படிக்கிற அறைக்குள் அளந்தால் சில நூறு லக்ஸ்தான் தேறும். நமக்கு அது பகல். செடிக்கு அது அந்தி. ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி வைத்தாலே செடியைப் பட்டினி போட்டதாக அர்த்தம். தண்ணீர் விட்டு அந்தப் பசியைத் தீர்க்க முடியாது. நாமோ செடி வாடுகிறதே என்று மேலும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். வெயில் காணாத மண்ணில் ஈரம் காய்வதில்லை. காற்றுப் புகாமல் வேர் அழுகுகிறது. வீட்டுக்குள் செத்துப் போகிற செடிகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாவதில்லை. இருட்டாலும் அன்பு மிகுதியாலும் சாகின்றன.

லக்ஸ் கணக்கு அத்தைக்குத் தெரியாது. ஆனால் அவளிடம் ஒரு கரிக்கட்டி இருந்தது. மூன்றாவது கன்று வந்ததும் அவள் அவசரப்படவில்லை. முற்றத்தில் காலை ஒன்பது மணிக்கும் உச்சிப் பொழுதுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வெயில் விழுகிற இடத்தைக் கரிக்கட்டியால் கோடு போட்டாள். மாதம் மாறினால் கோடும் மாறிற்று. மார்கழியில் வெயில் வடக்குத் தாழ்வாரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனியில் முற்றத்தின் தெற்கு ஓரத்தை நோக்கி நகர்ந்தது. கோடுகளுக்குப் பக்கத்தில் மாதத்தின் முதல் எழுத்தையும் எழுதி வைத்திருந்தாள். தொட்டியை அந்தக் கோடுகளின்படி இழுத்து இழுத்து வைத்தாள். முற்றத்தைப் பார்த்தால் ஏதோ வான சாஸ்திரி குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கும்.

உண்மையில் வான சாஸ்திரம்தான். வீட்டுச் செடிகளைப் பற்றி மேல்நாட்டார் எழுதின புத்தகங்களில், தெற்குப் பார்த்த ஜன்னலே உத்தமம் என்று போட்டிருக்கும். அவர்கள் ஊரில் அது வேத வாக்கு. சூரியன் வருஷம் முழுவதும் உச்சிவேளையில் தெற்கில்தான் நிற்பான். நம் நடுநாட்டில் கதை வேறு. சித்திரை எட்டாம் தேதி வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறான். அன்று முதல் ஆவணி ஆறாம் தேதி வரையில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகிறான். அந்த நாலு மாதமும் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலை எதிர்பார்த்துத் தொட்டி வைத்தால் ஏமாற்றம்தான். வருஷம் பூராவும் கைவிடாதது கிழக்கு ஜன்னல். காலை வெயில் நாலு மணி நேரம் கிடைத்தால் போதும். பிற்பகல் உக்கிரத்திலிருந்தும் தப்பலாம். முற்றம் இல்லாத வீட்டுக்காரர்கள் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றைச் செடிக்கென்று விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் நாற்காலி போட்டுக்கொள்ள நமக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டிலேயே நல்ல இடத்தைக் கொடுக்காமல் செடியிடம் இலை கேட்பது நியாயமில்லை.

கறிவேப்பிலை பிழைத்துக்கொண்ட பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அத்தையிடம் நான் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை, தொட்டி வைக்க நினைக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் முதலாகத் தொடங்குகிறவர்களுக்குக் கற்பூரவல்லியே நல்லது. ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் வேர் விட்டுவிடும். சளிக்குக் கஷாயம், மழைநாளில் பஜ்ஜி இரண்டுக்கும் ஆகும். தடித்த இலையிலேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்வதால், மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும்.

புதினாவுக்கு விதை தேட வேண்டியதில்லை. கடையில் வாங்கின கட்டிலிருந்து தடித்த தண்டுகளாக நாலைந்தைப் பொறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டி மேல். அது படர்கிற ஜாதி. பக்கத்துச் செடியை அமுக்கிவிடும். ஆகவே தனிக் குடித்தனம் வைத்துவிடுவது உத்தமம். கொஞ்சம் நிழலையும் பொறுத்துக்கொள்ளும்.

வெந்தயம் பொறுமை இல்லாதவர்களுக்கு என்றே படைக்கப்பட்டது. அஞ்சறைப் பெட்டியிலிருந்தே விதை எடுத்து, ராத்திரி ஊறவைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். மூன்று வாரம் கழிந்தால் கீரை கிள்ளலாம்.

கொத்துமல்லிதான் சற்றுக் கௌரவம் பார்ப்பது. நாம் விதை என்று சொல்கிற உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதை. மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். இடம் மாற்றி நட்டால் கோபித்துக்கொள்ளும். சித்திரை வைகாசி வெயிலில் இலை விடாமல் அவசரமாகப் பூத்துவிடும். ஐப்பசியிலிருந்து மாசி வரையில் போட்டால் மரியாதையாக வளரும்.

கறிவேப்பிலைக்குத் தொட்டி ஓரடி ஆழமாவது வேண்டும். அடியில் ஓட்டை வேண்டும். ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லு. செம்மண்ணும் மணலும் மக்கின எருவும் சமமாகக் கலந்தால் போதும். ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளக் கிள்ளத்தான் பக்கக் கிளை வரும். பூ வந்தால் எடுத்துவிட வேண்டும். விரலை ஒரு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதனால் எலுமிச்சையைத் தேடி வருகிற பட்டாம்பூச்சி இதையும் தேடி வந்து முட்டையிட்டுப் போகும். இலைகள் ஓரத்திலிருந்து மாயமாக மறைந்தால் திருடன் புழுவாக இருப்பான். கையால் பொறுக்கிவிட்டால் தீர்ந்தது.

ஒரு ஆடிச் சுவாதிக்கு நான் திருநாவலூர் போயிருந்தபோது, குருபூஜை பார்த்துவிட்டு வந்து முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். சுந்தரர் தொண்டர்களைப் பாடின திருத்தொண்டத்தொகையைப் பற்றிப் பேச்சு வந்தது. பின்னால் சேக்கிழார் அதை விரித்துப் பெரியபுராணமாகப் பாடினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு அந்தப் பட்டியலில் ராஜாக்களும் வீரர்களும் முக்கியமில்லை. அவளுக்குக் கீரைக்காரர்கள் முக்கியம்.

"இளையான்குடி மாறனார் என்ன பண்ணினார்? கொட்டற மழையிலே நடுராத்திரி விருந்து வந்தது. வீட்டிலே ஒரு மணி அரிசி இல்லை. காலையிலே விதைச்ச நெல்லையே வாரிட்டு வந்தார். கறிக்கு? கொல்லையிலே அப்பத்தான் தலை தூக்கின கீரையைப் பறிச்சாந்தார். அந்த அம்மா அந்த ஒரு கீரையை வச்சே விதவிதமாச் சமைச்சா."

"அரிவாட்டாயர்?"

"அவர் வீட்டிலும் அப்படித்தான். சொத்தெல்லாம் போச்சு. நல்ல நெல்லு கிடைச்சா அது சாமிக்கு. தங்களுக்கு ஒண்ணுமில்லாதபோது அவர் சம்சாரம் வீட்டுப் பக்கத்துக் கீரையைப் பறிச்சு இலையிலே வச்சா. இல்லாத வீட்டிலேயும் பறிக்க ஒரு இலை இருந்தா, வாசலுக்கு வந்தவங்களை உள்ளே கூப்பிடலாம்டா."

அத்தை பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரையில்தான் படித்தாள். ஆனால் பெரியபுராணத்துக்கு இப்படி ஒரு வியாக்கியானத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கொடுக்கிற இந்தச் சுபாவம் கடல் தாண்டினாலும் போவதில்லை. என் சிநேகிதர் ஒருவரின் பெண் கனடாவில் டொராண்டோவில் இருக்கிறாள். அங்கே தமிழர் வீடுகளில் கறிவேப்பிலை ஒரு குளிர்காலக் குழந்தை. வேனிலில் வெளியே இருக்கும் தொட்டியை, பனி விழுவதற்கு முன்னால் வீட்டுக்குள் எடுத்து வந்துவிட வேண்டும். உள்ளே வந்ததும் வெளிச்சம் குறைந்து, ஹீட்டர் காற்றில் உலர்ந்து, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். புதிதாகக் குடியேறினவர்கள் செத்துவிட்டது என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். விஷயம் தெரிந்தவர்கள் தண்ணீரைக் குறைத்து, ஜன்னல் ஓரமாக வைத்துக் காத்திருப்பார்கள். அவளிடம் செடிக்கென்றே ஒரு மின்விளக்கு இருக்கிறது. தினம் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது. வசந்தம் வந்ததும் குச்சியில் சிவந்த துளிர் விடும். பக்கத்தில் கிளம்பும் கன்றுகளைப் பிரித்துப் புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுப்பாளாம்.

அமெரிக்காவிலோ இதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற ஒரு சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலை என்றால் உயிர். 1998இல் அந்தப் பூச்சி ஃப்ளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2005இல் நோயும் வந்து சேர்ந்தது. அது முதல் கறிவேப்பிலைச் செடியை இடத்துக்கு இடம் கொண்டுபோகக் கண்டிப்பான கட்டுப்பாடுகள். பெட்டிக்குள் பச்சை இலையை ஒளித்துக்கொண்டு போகிற மாமியார்களும் விமான நிலையத்தில் பறிகொடுக்க வேண்டியதுதான். இத்தனை வம்புக்கும் காரணமான செடியின் விஞ்ஞானப் பெயரில் நம் தரங்கம்பாடி சம்பந்தம் ஒன்று இருக்கிறது. லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் என்ற வைத்தியர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, நம் செடிகொடிகளைச் சேகரித்தார். அவர் பெயரைத்தான் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771இல் சூட்டினார். உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் அந்தத் தரங்கம்பாடி டாக்டர் இன்றும் கறிவேப்பிலையோடு மணத்துக்கொண்டிருக்கிறார்!

திருநாவலூர்ச் சுவரின் கதையை முடித்துவிடுகிறேன். 2017இல் பின்கட்டுக்காரர்கள் கொல்லையில் அறை கட்டினார்கள். அதற்காக அந்தப் பழைய மரத்தை வெட்டினார்கள். கோடாலிச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அன்று முழுவதும் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை வாசனை வீசிற்று என்று அத்தை சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. பட்டணங்களில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் பின்கட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சமையல். கடை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று நிச்சயமில்லை. தெருவில் இறங்கவே ஜனங்கள் பயந்த நாட்கள். ஒரு நாள் காலையில் ரேழிக் கதவு தட்டப்பட்டது. எட்டு வயதுப் பையன் ஒருவன் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றான். சுவர் எழும்பின பிறகு பிறந்த பிள்ளை. அத்தை அவனை அதற்கு முன்னால் பக்கத்தில் பார்த்ததில்லை.

"பெரிய பாட்டி, பாட்டி கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டாங்க. உங்க வீட்டு முற்றத்திலே இருக்குன்னு சொன்னாங்க."

பதினோரு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது வந்த வார்த்தை அது.

அத்தை என்ன செய்திருப்பாள் என்று நான் தொலைபேசியில் கேட்கவேயில்லை, அவளே சொன்னாள். கறிவேப்பிலை நாலு இணுக்கு ஒடித்தாள். கேட்காமலே கொஞ்சம் புதினாவும் வைத்தாள். பையன் மூக்கை உறிஞ்சினதைப் பார்த்துக் கற்பூரவல்லி இரண்டு இலை. எல்லாவற்றையும் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் கிண்ணம் திரும்பி வந்தது. வெறுங் கிண்ணமாக வரவில்லை. காராமணிச் சுண்டல் இருந்தது.

"சுண்டல்லே நம்ம வீட்டுக் கறிவேப்பிலைதான். தாளிச்சிருந்தா" என்றாள் அத்தை.

நான் கதை எழுதுகிறவன். கதையானால் இந்த இடத்தில் சுவரை இடித்திருப்பேன். ஓரகத்திகள் இருவரையும் கட்டிக்கொண்டு அழ வைத்திருப்பேன். வாழ்க்கை அப்படியெல்லாம் செய்வதில்லை. சுவர் இன்றும் நிற்கிறது. பத்திரம் பத்திரமாகவே இருக்கிறது. பெரியவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கல்யாணம் காட்சிகளில் ஒன்றிரண்டு வார்த்தைதான். ஆனால் அந்தப் பையன் வந்து போகிறான். கிண்ணமும் போய் வருகிறது. போன தடவை நான் பார்த்தபோது முற்றத்தில் கறிவேப்பிலைத் தொட்டி இரண்டு இருந்தன. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு கேட்டு வராங்களே அவங்களுக்கு" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

தொட்டி வைப்பதற்கு மூன்றாவது காரணம் என்று நான் சொன்னது இதைத்தான். பணம் இருந்தால் இலை வாங்கிவிடலாம். பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடும், இலவசமாகவும் வந்துவிடும். ஆனால் கடையில் வாங்கின பொட்டலத்தை நம்பி யாரும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. செடி இருக்கிற வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுக்குள் வருஷக் கணக்காகக் குடியிருந்து, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் இருக்கிற காலம் இது. "ஓர் இணுக்குக் கறிவேப்பிலை இருக்குமா?" என்பதைவிடச் சுலபமாக, கூச்சமில்லாமல், கடனில்லாமல் பேச்சைத் தொடங்குவதற்கு நம் மொழியில் வேறு வாக்கியம் இல்லை.

கிழக்கு ஜன்னல் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஐப்பசியில் தொடங்குங்கள். கற்பூரவல்லியில் ஆரம்பித்துக் கறிவேப்பிலைக்கு வாருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் குறைவாகவே விடுங்கள். உங்களுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு தொட்டி கூடுதலாக வையுங்கள். அது வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக இருக்கட்டும்.